‘வாரேன்’ என்று சொல்லிவிட்டுப் போனவர்

போன வாரம் உங்களில் ஒருவர் என்னைப் பார்க்க வந்திருந்தார். செஷன்ஸ் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறதாம். காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "சார், வக்கீல் உணர்ச்சியாப் பேசுறப்ப நாமளும் அதே உணர்ச்சியோட தமிழ்ல சொல்லணுமா, இல்ல விஷயத்த மட்டும் சொன்னாப் போதுமா?" என்று கேட்டார். நான் போட்ட சத்தத்தில், பாவம், மீதிக் காபியைத் தொடாமலே எழுந்து போய்விட்டார். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு ஒரு பழைய வழக்கு ஞாபகம் வந்துவிடுகிறது. அவருக்குச் சொல்லாமல் விட்ட பதிலை உங்கள் எல்லாருக்குமாக எழுதுகிறேன். சாட்சிக் கூண்டுக்கு எந்தப் பக்கம் நிற்பது, எந்தக் காகிதத்தில் யார் கையெழுத்து வாங்குவது என்பதையெல்லாம் உங்கள் ஆபீசில் சொல்லிக்கொடுப்பார்கள். அதற்கு நான் வேண்டியதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நடந்தது இது. எனக்கு அப்போது வயது முப்பத்தைந்து இருக்கும். பிறந்ததும் வளர்ந்ததும் மதுரை. ஜட்ஜ் வெள்ளைக்கார துரை. அவருக்குத் தமிழில் நாலு வார்த்தை தெரியும், அதில் மூன்று வேலைக்காரர்களை விரட்டுவதற்கானது. சாட்சி தமிழில் சொல்வதை நான் அவருக்கு இங்கிலீஷில் சொல்ல வேண்டும். அவர் பக்கத்தில் நாலு அசெசர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஊரில் மரியாதையுள்ள வியாபாரி, மிராசுதார் என்று பார்த்துக் கூப்பிட்டு, வழக்கு முழுவதையும் கேட்கவைத்து, கடைசியில் ‘குற்றவாளியா, இல்லையா’ என்று அபிப்பிராயம் கேட்பது அன்றைய வழக்கம். அவர்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆகவே வக்கீல் பேசுவதை நான் அவர்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் நான்தான் வாய்.

வாய் கொஞ்சம் நீளமான வாய் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் தமிழுக்கு அந்தக் கட்டடத்தில் ஒரு மவுசு இருந்தது. வக்கீல் மூக்கால் முனகினதைக்கூட நான் கணீரென்று சொல்லுவேன். வழக்கே இல்லாதவர்கள் வராந்தாவில் வந்து நின்று கேட்பார்கள். ‘இன்னைக்கு அய்யா பேசுறாரா?’ என்று வாசலில் நிற்கிற டபேதாரிடம் விசாரித்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. அதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

வழக்கு இதுதான். கோரிப்பாளையத்தில் காதர் மைதீன் என்று ஒருவர். பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிற தொழில். துருத்தியையும் கரிமூட்டையையும் தூக்கிக்கொண்டு ஆற்றைத் தாண்டி மேற்கே கோச்சடை, அதற்கு அப்பால் நாகமலைப் பக்கம் வரைக்கும் ஊர் ஊராகப் போவார். கோச்சடையில் பெரியகருப்பன் என்ற உழவுக்காரச் சம்சாரி வீட்டில் மகள் கல்யாணத்துக்காக ஏழெட்டுப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசக் கூப்பிட்டிருக்கிறார்கள். குழி தோண்டிக் கரியைப் போட்டுத் துருத்தி ஊதியதில் சூடு கூடிப்போய், பெரிய அண்டாவின் அடியில் பற்றவைத்திருந்தது விட்டு ஓட்டையாகிவிட்டது. கல்யாணத்துக்கு மூன்று நாள்தான் இருக்கிறது. பெரியகருப்பன் கத்தினார், காதர் மைதீனும் பதிலுக்குக் கத்தினார். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. கடைசியில் காதர் மைதீன் துருத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் உச்சி வெயிலில் பெரியகருப்பன் வீட்டு வைக்கோல் படப்பு தீப்பிடித்தது. வீட்டார் எல்லாரும் வயலில் இருந்தார்கள். காற்று வேறு. படப்பிலிருந்து தொழுவத்துக்குத் தாவி, கட்டிப்போட்டிருந்த இரண்டு உழவு மாடும் கருகிச் செத்தன. தொழுவமும் வீடும் ஒரே கூரை. வீட்டில் பாதியும் போயிற்று. படப்புப் பக்கத்தில் கரித்துண்டுகள் கிடந்ததைப் பார்த்து, குடியிருக்கிற வீட்டுக்குத் தீ வைத்ததாகக் காதர் மைதீன் மேல் வழக்குப் போட்டார்கள். நிரூபணமானால் பத்து வருஷம் உள்ளே இருக்க வேண்டும். அவருக்குப் பாத்துமா என்று மனைவியும் மூன்று பெண் குழந்தைகளும் இருந்தார்கள்.

பெரியகருப்பன் சாட்சி சொன்ன அன்றைக்குத்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். மாடு செத்ததைச் சொல்லும்போது அந்த மனுஷன் விம்மிவிட்டார். அந்தத் துக்கத்தோடேயே சண்டையை விவரித்தார். சர்க்கார் வக்கீல், "கிளம்பும்போது அவன் என்ன சொன்னான்?" என்று கேட்டார்.

"என்னத்தச் சொன்னாரு? ‘சரி, நான் வாரேன்’னாரு. தோளுல துருத்தியப் போட்டுக்கிட்டுப் போயிட்டாரு."

நான் துரை பக்கம் திரும்பி இங்கிலீஷில் சொன்னேன்: ‘ஆல் ரைட், ஐ வில் கம்.’

துரை எழுதிக்கொண்டார். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

இதைப் படிக்கிற உங்களுக்கு இப்போதே தூக்கிவாரிப் போட்டிருக்கும். எனக்கு அன்றைக்குப் போடவில்லையே! ‘போறேன்’ என்று சொல்லிவிட்டு வீட்டைவிட்டு இறங்குகிற மனுஷன் இந்த ஊரில் உண்டா? கறிகாய் வாங்கப் போகிறவனும் ‘வாரேன்’ என்றுதான் சொல்லிவிட்டுப் போகிறான். காலையில் நானே என் வீட்டுக்காரியிடம் ‘வாரேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் கோர்ட்டுக்கு வந்திருந்தேன். ‘விடைபெற்றுக்கொண்டார்’ என்ற அர்த்தத்தில் அதை முன்பு எத்தனையோ தடவை சரியாகச் சொல்லியும் இருக்கிறேன். அன்றைக்கு அந்த விம்மலும் சண்டையின் சூடும் என் காதில் இருந்தன. அந்தச் சூட்டோடு என் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்; விடைபெறுகிற வார்த்தை இங்கிலீஷில் மிரட்டலாகிவிட்டது.

மூன்று நாள் கழித்துச் சர்க்கார் வக்கீல் முடிவுரை பேச எழுந்தார். கெட்டிக்காரர். எனக்கு அவர் மேல் தனிப்பட்ட குறை எதுவும் இல்லை. துரையின் குறிப்பில் இருந்த வார்த்தையை அவர் எடுத்துக்கொண்டார், அது அவர் தொழில். அவர் எப்படிப் பேசினார் என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பிழைப்பு இதற்குள்தான் இருக்கிறது.

முதலில் ‘நாம்’ என்று ஆரம்பித்தார். நாம் எல்லாரும் வீடு வாசல் உள்ளவர்கள், நாம் பிள்ளைகுட்டிக்காரர்கள் என்றார். அசெசர்கள் நாலு பேரும் தலையாட்டினார்கள். அந்த ‘நாம்’ என்கிற வட்டத்துக்குள் காதர் மைதீன் இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. அடுத்தது, பதில் வேண்டாத கேள்விகள். "நெருப்பிலேயே பிழைக்கிறவனுக்கு நெருப்பை எங்கே வைக்க வேண்டும் என்று தெரியாதா?" என்றார். ஈயம் பூசுகிறவர் ஒரே நொடியில் நெருப்பில் பிழைக்கிறவர் ஆகிவிட்டார். அப்படிப் பார்த்தால் என் வீட்டுச் சமையலறையும் நெருப்பில்தான் பிழைக்கிறது! ஆனால் அப்போது எனக்கு அது தோன்றவில்லை. ‘நெருப்பைத் தின்று வாழ்கிறவனுக்கு’ என்று இன்னும் ஒருபடி ஏற்றித் தமிழில் சொன்னேன். வக்கீல் தின்னச் சொல்லவில்லை. அது என் கைச்சரக்கு.

அப்புறம் குரலைத் தணித்தார். வருவேன் என்று சொன்னான் என்றார். கொஞ்ச நேரம் சும்மா நின்றார். கல்யாண வீடென்றும் பார்க்காமல் வருவேன் என்று சொன்னான் என்றார். மறுபடியும் சும்மா நின்றார். மூன்றாம் தடவை, வந்தான் என்றார். நான் அசெசர்கள் பக்கம் திரும்பினேன். சபை மொத்தமும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வருவேன் என்றான்! சொன்னான்! சொன்னபடி வந்தான்! உச்சி வெயிலில், ஆள் இல்லாத நேரம் பார்த்து, வரப்பு வழியே, துண்டில் பாம்பை முடிந்துகொண்டு வருகிறவனைப் போல மடியில் கங்கோடு வந்தான்!"

வரப்பும் மடியும் கங்கும் வக்கீல் பேச்சில் இல்லை. ‘வந்தான்’ என்பது ஒன்றுதான் அவருடையது. மற்றதெல்லாம் தானாக என் வாயில் வந்தது. வராந்தாவில் யாரோ ‘அடப்பாவி!’ என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்கு அது சந்தோஷமாக இருந்தது.

காதர் மைதீனின் வக்கீல் சின்ன வயசு. படப்புப் பக்கத்தில் யாராவது சுருட்டைப் போட்டிருக்கலாம், அங்கே கிடந்த கரித்துண்டுகள் முதல் நாள் ஈயம் பூசியபோது சிதறியவை என்று தாறுமாறில்லாமல், நியாயமாகத்தான் பேசினார். அந்த ‘வருவேன்’ பக்கம் அவர் போகவே இல்லை. அவரும் இந்த ஊர்க்காரர்தான்.

மறுநாள் காலையில் அசெசர்களிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். நாலு பேரும் குற்றவாளி என்றார்கள். தீர்ப்பு மத்தியானம் என்று சொல்லிவிட்டுத் துரை எழுந்து போனார்.

நான் வராந்தாவுக்கு வந்தேன். போலீஸ்காரர் இரண்டு பேர் காதர் மைதீனைக் கையில் விலங்கோடு கீழே கூட்டிக்கொண்டு போனார்கள். தூண் ஓரத்தில் பாத்துமா கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். அவர் அவளைத் தாண்டும்போது நிற்கப் பார்த்தார், போலீஸ்காரர் விடவில்லை. போகிற போக்கிலேயே தலையைத் திருப்பி,

"பாத்துமா, நான் வாரேன்" என்றார்.

"போயிட்டு வாங்க" என்றாள் அவள்.

எனக்குக் கால் அப்படியே நின்றுவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அதற்கு முன்னும் பின்னும் என் வாழ்க்கையில் எனக்கு அப்படி ஓர் அதிர்ச்சி வந்ததில்லை. பத்து வருஷம் உள்ளே போகப் போகிறவன் பெண்டாட்டியிடம் விடைபெறுகிறான். அதே வார்த்தை! அந்த வார்த்தையை நான் மூன்று தடவை முழக்கினேனே! நாலு அசெசர், இரண்டு வக்கீல், கோர்ட்டு நிறைய ஜனம், அத்தனை பேரும் அன்றைக்குக் காலையில் ‘வாரேன்’ என்று சொல்லிவிட்டு வீட்டைவிட்டு வந்தவர்கள். ஒருத்தருக்குக்கூட உறைக்கவில்லையே!

நேரே சிரஸ்தாரிடம் ஓடினேன். எங்கள் ஆபீசுக்கு அவர்தான் பெரியவர். விஷயத்தைச் சொன்னேன். அவர் வெற்றிலையை மடித்தபடியே கேட்டார்.

"ஏன்யா, ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? ரிக்கார்டுல ஏறுனது ஏறுனதுதேன். துரைகிட்டப் போயி ‘நான் தப்பாச் சொன்னேன்’னு நின்னா, இதுக்கு முன்னால நீ சொன்னது அம்புட்டும் தப்பானு கேப்பாரு. வேலை போயிரும்."

"அந்தாளுக்குப் பத்து வருஷமுங்க."

"அசெசருக நாலு பேரும் மதுரைக்காரங்கதானய்யா? சாட்சி தமிழ்லதான சொன்னான்? அவுக காதுலயும் ‘வாரேன்’னுதான விழுந்துச்சு? அவுகளுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சுபோச்சு?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை மிரட்டலாகத்தான் சொன்னாரோ? வக்கீல் பேச்சு வேறு மண்டைக்குள் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது. உட்கார்ந்து ஒரு காகிதத்தை எடுத்தேன். முக்கால் மணி நேரப் பேச்சில், யாராவது ஒரு சாட்சி சத்தியம் வைத்துச் சொன்னது எதுவோ அதை மட்டும் எழுதுவது, வக்கீல் சொன்னதையும் நான் சொன்னதையும் தள்ளிவிடுவது என்று ஆரம்பித்தேன்.

அண்டா கெட்டது. இரண்டு பேரும் கத்தினார்கள். அவர் கிளம்பிப் போனார். மறுநாள் படப்பு எரிந்தது. பக்கத்தில் கரித்துண்டு கிடந்தது.

அவ்வளவுதான். பேனாவைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிக்காகக் காத்திருக்கிறேன், வரி வரவே இல்லை. ஐந்து வரிக்குப் பத்து வருஷமா? இதையா நேற்று ஊரே மெய்ம்மறந்து கேட்டது? தம்பிகளே, ஒரு வாதம் உங்களை உலுக்கினால் முதலில் இந்தக் காரியத்தைச் செய்யுங்கள். உலுக்கியது சாட்சியா, சத்தமா என்பது காகிதத்தில் தெரிந்துவிடும்.

துரையின் அறைக் கதவைத் தட்டினேன். அவர் சாப்பிட்டு முடித்துப் பைப் பிடித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். சாட்சி சொன்னது விடைபெறுகிற வார்த்தை, நான் அதைத் தப்பாகப் பெயர்த்துவிட்டேன் என்றேன். அவர் பைப்பை மேசையில் வைத்தார்.

"நீ எந்த ஊர்?" என்று கேட்டார்.

"இதே ஊர்தான்."

"அந்த வார்த்தை உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அன்றைக்கு மறந்துபோனேன்."

என் வேலை அந்த இடத்திலேயே போயிற்று என்றுதான் நினைத்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. மணியை அடித்து, பெரியகருப்பனை மறுபடி கூண்டில் ஏற்றச் சொன்னார். அசெசர்களையும் திரும்ப உட்காரச் சொன்னார். மொழிபெயர்க்க ஆபீசிலிருந்து வேறொருவரைக் கூப்பிட்டார். என்னைச் சுவரோரமாக நிற்கச் சொன்னார். அது எனக்கு வேண்டியதுதான்.

பெரியகருப்பன் குழப்பத்தோடு ஏறினார். துரை கேட்கச் சொன்ன கேள்வியை அந்த இன்னொருவர் கேட்டார்: "அவர் ‘வாரேன்’னு சொன்னாருல்ல, அப்ப நீங்க என்ன நெனச்சீங்க?"

"என்னத்த நெனைக்க? கெளம்புறாருன்னு நெனச்சேன்."

"பயந்தீங்களா?"

"அப்பப் பயப்படல எசமான். அண்டா போச்சேன்னு ஆத்திரம்தேன். அவரு அந்தப் பக்கம் போகவும் நான் அண்டாவத் தூக்கிக்கிட்டு உள்ள போயிட்டேன்."

"அப்புறம் எப்பப் பயந்தீங்க?"

பெரியகருப்பன் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். சர்க்கார் வக்கீலைக் கையைக் காட்டினார்.

"நேத்து வக்கீலய்யா பேசுனாகளே, அப்பத்தேன் எசமான். ‘வருவேன்னான், வந்தான்’னு சொல்லவும் எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. ஆத்தாடி, இம்புட்டுப் பெரிய பகையாளியையா வீட்டுக்குள்ள விட்டோம்னு அப்பத்தேன் எனக்கே தெரிஞ்சுச்சு."

நடந்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர். என் தமிழில் போன வக்கீலின் பேச்சு அவருடைய சொந்த ஞாபகத்துக்குள் புகுந்து அதை மாற்றி வைத்துவிட்டது! பார்க்காதவனைப் பேச்சு மயக்கும் என்று எனக்குத் தெரியும். பார்த்தவனையே மயக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சர்க்கார் வக்கீல் தலையைக் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

அசெசர்களை மறுபடி கேட்டார்கள். மூன்று பேர் குற்றவாளி இல்லை என்றார்கள். கீழமாசி வீதியில் வெல்ல மண்டி வைத்திருந்த ஒருவர் மட்டும், குற்றவாளிதான் என்று மறுபடியும் சொன்னார். துரை தீர்ப்பைச் சுருக்கமாகவே எழுதினார். சண்டை நடந்தது, மிரட்டல் என்று எதுவும் இல்லை, தீப்பிடித்த அன்றைக்கு காதர் மைதீனைக் கோச்சடையில் பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை, விடுதலை. விலங்கைக் கழற்றியபோது காதர் மைதீனுக்கு என்ன நடந்தது என்றே விளங்கவில்லை. அவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. ஒரு போலீஸ்காரர்தான், "போய்யா, வீட்டுக்குப் போ" என்று தோளைத் தட்டி அனுப்பினார். ஆறு மாதம் என்னைக் கூண்டுப் பக்கம் விடாமல் உள்ளே நகல் எழுதுகிற வேலையில் போட்டார்கள். அதை நான் தண்டனையாக நினைத்ததே இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் வாசலில் வெல்ல மண்டிக்காரரைப் பார்த்தேன். ஜட்காவுக்காக நின்றிருந்தார். நல்ல மனுஷர், நாலு பேருக்கு நியாயம் சொல்கிறவர். அவர் முகம் வாடியிருந்தது. அவராகவே என்னிடம் வந்தார்.

"தம்பி, நான் வீம்புக்குச் சொல்லல. அந்தத் தொரை என்னயப் பாத்த பார்வை மனசுக்குக் கஷ்டமாப் போச்சு."

"அண்ணே, அது சும்மா போயிட்டு வாரேன்னு சொன்ன வார்த்தைதானே?"

"அது எனக்கு வெளங்குது தம்பி. நானுந்தேன் தெனம் சொல்றேன். வார்த்தைய விடுங்க. ஆனா அவன் வந்தானே! வரப்பு மேல, அந்த வேகாத வெயில்ல, மடியில கங்கக் கட்டிக்கிட்டு. அத எப்படித் தம்பி இல்லேன்னு சொல்லச் சொல்றீக?"

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்படின்னு எந்தச் சாட்சிண்ணே சொன்னது?"

அவர் என்னை ஆச்சரியத்தோடு பார்த்தார்.

"என்ன தம்பி இப்படிக் கேக்குறீக? நீங்கதானே சொன்னீக!"